துவைக்காத ஐம்பத்தெட்டு உடுப்புகள்

என் அக்கா புருஷன் ஒரு சலவைக்கடையில் கறை எடுப்பவர். ஊரில் யார் சட்டையில் எது கொட்டினாலும் கடைசியில் அவர் மேஜைக்குத்தான் வரும். மையோ, கிரீஸோ, ரத்தமோ, துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்துவிட்டு, எந்தப் புட்டியைத் திறப்பது என்று முடிவு செய்துவிடுவார். கடையில் அவருக்குப் பெயரே 'கறை மாஸ்டர்'தான். அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டில் ஓர் அறை முழுக்க அழுக்குத் துணியைச் சேர்த்து வைத்திருந்தார் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த அறையால்தான் என் அக்காவுக்கு மூச்சு விட முடியாமல் போனது.

நான் அதே கடையில் வேன் ஓட்டுகிறேன். வேலை வாங்கிக் கொடுத்தவரும் மாமாதான். அதனால் அவரைத் திட்ட வேண்டி வந்தால் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு திட்டுவது என் வழக்கம். இங்கே தாழ்த்தப் போவதில்லை.

பெரிய அரங்கம் ஒன்றின் வேலை எங்கள் கடைக்கு வரும். அங்கே பாட வருகிறவர்கள், வாத்தியம் வாசிக்க வருகிறவர்கள் மேடையில் போட்ட உடுப்புகளை மறுநாள் காலையில் மூட்டையாக எடுத்து வந்து, சாயங்காலத்துக்குள் துவைத்துத் தேய்த்துக் கொடுத்துவிட வேண்டும். மாமாவுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. இருந்தாலும் வேனில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொள்வார். பின்வாசலில் யாராவது உதவியாளர் மாட்டினால் போதும், பல்லவியை ஆரம்பித்துவிடுவார்.

"எல்லாத்தையும் நானே கையால பார்த்துத் தரேன் சார். ஒண்ணே ஒண்ணை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க. துவைக்காம."

பாதிப் பேர் ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். மீதிப் பேர், இது ஏதோ கிறுக்கு, போய்த் தொலையட்டும் என்று தையல் விட்டதையோ சாயம் போனதையோ கொடுப்பார்கள். ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடும் பாடகர் ஒருவர், எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டிருப்பவர், விஷயத்தைக் கேள்விப்பட்டு மாமாவை உள்ளே கூப்பிட்டார். போட்டிருந்த கோட்டை அவர் எதிரிலேயே கழற்றிக் கையில் கொடுத்தார். அன்று திரும்பி வரும் வழியெல்லாம் மாமா அந்தக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியை மெதுவாக ஓட்டு என்று கையால் மட்டும் சைகை காட்டினார். பத்தொன்பது வருஷத்தில் இப்படிச் சேர்ந்தவை ஐம்பத்தெட்டு.

ஏன் துவைக்கக் கூடாது என்று நான் கேட்டிருக்கிறேன்.

"துவைச்சா அது வெறும் சட்டைடா. உன் சட்டை மாதிரி, என் சட்டை மாதிரி."

வாழ்நாளெல்லாம் கறையை அழித்த மனிதருக்கு அழிக்கக் கூடாத கறை என்று சில கிடைத்துவிட்டன, அவ்வளவுதான். வயலின் வாசிக்கும் பெண் ஒருத்தியின் வெள்ளைச் சட்டைக் காலரில், இடது தாடைக்குக் கீழே பழுப்பாக ஒரு தடம் இருக்கும். ஊதுகுழல்காரர் ஒருவர் பாட்டுக்குப் பாட்டு உதட்டைத் துடைத்துத் துடைத்து வலது கைப்பட்டியே விறைத்துப் போயிருக்கும். மேளக்காரர் ஒருவருடைய கறுப்புக் கைவைக்காத கோட்டின் முதுகில் வேர்வை காய்ந்த உப்புக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று. மாமா அதை விரலால் தொடாமல் காட்டுவார். "பாரு, மூணு தடவை நனைஞ்சு மூணு தடவை காஞ்சிருக்கு. அப்படின்னா நடுவுல ரெண்டு தடவை ஓய்வு எடுத்திருக்கார். கடைசிக் கோடுதான் பெரிசு. கடைசியில வெளுத்து வாங்கியிருக்கார் மனுஷன்." ஒவ்வொன்றுக்கும் கடைச் சீட்டு ஒன்றைக் குத்தி, யார், என்றைக்கு, எந்தப் பாட்டு வரைக்கும் போட்டிருந்தார் என்று பொடி எழுத்தில் எழுதி வைப்பார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இருப்பது இரண்டு அறை. பெரிய அறையை இந்த உடுப்புகளுக்குக் கொடுத்துவிட்டுச் சின்ன அறையில் இரண்டு பேரும் படுத்தார்கள். "ஊர் வேர்வைக்கெல்லாம் என் வீட்டுல இடம் உண்டு, என் தம்பி வந்தா படுக்கத்தான் இடம் இல்ல" என்று அக்கா கேலி செய்வாள். கேலிதான், குறை இல்லை. புதிதாக ஒன்று வந்தால் அவளும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். கறை எங்கே என்று அவளே தேடிக் கண்டுபிடிப்பாள்.

ஒருமுறை நான் ஒரு கிதார்காரருடைய சட்டையைத் தெரியாமல் மற்ற மூட்டையோடு போட்டுவிட்டேன். அது இயந்திரத்துக்குள் போய்ப் பளிச்சென்று வெளியே வந்தது. மாமா என்னை ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவர் நாலு நாள் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து கெஞ்சினாள். ஐந்தாம் நாள் எழுந்து வேலைக்கு வந்தார். ஆனால் அந்த நாலு நாளில் அக்கா பயந்தது பயந்ததுதான். அந்தப் பயம் அவள் மனதில் எங்கே போய் உட்கார்ந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இனி மாமா செய்த முட்டாள்தனத்துக்கு வருகிறேன். சலவைக்கடைக்காரனைத் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். துணி வியாபாரம் செய்கிறவன் செய்ய மாட்டான், தையல்காரன் செய்ய மாட்டான். எங்கள் கடையில் வேலை முடிந்த உடுப்பை ஹேங்கரில் மாட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டுவிடுவோம். உறை போட்டாகிவிட்டதா, அந்தத் துணிக்கு இனி ஒன்றும் ஆகாது. இருபத்தாறு வருஷம் இதைப் பார்த்த கண் அவருக்கு. அதே பிளாஸ்டிக் உருளையிலிருந்து நீளமாகக் கிழித்து வந்து, ஐம்பத்தெட்டுக்கும் உறை போட்டார். வாசனை வெளியே போய்விடக் கூடாது என்று உறையின் அடிவிளிம்பையும் இஸ்திரிப் பெட்டியின் முனையால் ஒரே இழுப்பில் ஒட்டினார். வெயில் பட்டால் சாயம் மங்கும் என்று ஜன்னலையும் அட்டை வைத்து அடைத்தார். கடையில் உறைக்குள் போவது துவைத்து உலர்ந்த துணி, இங்கே போவது வேர்வை ஊறிய துணி என்கிற வித்தியாசம், கறையைப் பார்த்தே நாள் சொல்கிற அந்த மூளைக்கு எட்டவில்லை.

அக்காவுக்கு இருமல் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. முதலில் சளி என்றார்கள், அப்புறம் ஒவ்வாமை என்றார்கள். மருந்து சாப்பிட்டால் குறையும், மறுபடி வரும். பிறகு மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்க ஆரம்பித்தாள். பிறகு பேச்சின் நடுவில் நிற்க ஆரம்பித்தாள். மூன்றாவதாகப் பார்த்த நுரையீரல் டாக்டரம்மா படங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: மூச்சோடு ஏதோ ஒரு தூசி தினமும் உள்ளே போகிறது, அது நுரையீரலைத் தழும்பாக்கிக்கொண்டே வருகிறது. தழும்பானது ஆறாது. தூசியை நிறுத்தினால் மிச்சமாவது நிற்கும்.

"வீட்டுல ஈரச் சுவர் இருக்கா? புறா, கோழி வளர்க்கறீங்களா? பூஞ்சை பிடிச்ச பழைய துணி, காகிதம் எங்கயாவது கிடக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. சின்ன வீடு. தினம் பெருக்கித் துடைக்கிறேன்" என்றாள் அக்கா.

பக்கத்து நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. நான் வெளியே வண்டியில் இருந்தேன். உள்ளே இருந்திருந்தால் நடந்ததே வேறு.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் அந்த இருட்டறைக்குள் போய் டார்ச் அடித்து ஒவ்வொரு உறைக்குள்ளும் பார்த்தாராம். எதிலும் ஒரு புள்ளி பூஞ்சை இல்லை. கோட்டெல்லாம் சுத்தமாக, கறை கறையாக, வைத்தபடியே இருந்தன. அப்பாடா, நம் உடுப்பு காரணம் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கினாராம். இதைப் பின்னால் அவரே என்னிடம் சொன்னபோது அவரைக் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது.

ஐந்து மாதம் போனது. அக்கா இளைத்து, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, பல் தேய்ப்பதற்கே மூச்சு வாங்குகிற நிலைக்கு வந்தாள். ஒரு திங்கட்கிழமை காலையில் உதடு நீலமாகிவிட்டது என்று மாமா போன் செய்தார். வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். முகத்தில் ஆக்ஸிஜன் மூடி வைத்து உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டுல என்னமோ இருக்குப்பா. அதைக் கண்டுபிடிச்சு எடுக்கலைன்னா அவங்களை நான் வீட்டுக்கு அனுப்பறதுல அர்த்தமே இல்ல."

எனக்குப் பளிச்சென்று அறைதான் நினைவுக்கு வந்தது. நடைபாதையில் நின்றிருந்த மாமாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றினேன். "என் துணியில பூஞ்சையே இல்லடா, நானே பார்த்தேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். காது கொடுத்துக் கேட்கவில்லை நான்.

அறைக்குள் நுழைந்து, ஜன்னல் அட்டையைப் பிய்த்து எறிந்தேன். வெளிச்சம் வந்தது. வரிசையாகக் கம்பியில் ஐம்பத்தெட்டும் தொங்கின. மாமா மேளக்காரரின் கறுப்புக் கோட்டை எடுத்து என்னிடம் காட்டத்தான் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"உறை குட்டையா இருக்கே" என்றார்.

துணிக்குக் கீழே ஒரு முழம் தொங்கும்படிதான் அவர் எப்போதும் உறை கிழிப்பார். இது துணியின் விளிம்போடு நின்றது. அவர் குனிந்து ஒட்டின இடத்தைப் பார்த்தார். ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்க வேண்டிய கோடு வளைந்து வளைந்து, ஓரத்தில் கருகிப் போயிருந்தது.

"இது என் கோடு இல்ல."

அடுத்ததைப் பார்த்தார். அதற்கடுத்ததை. எல்லாமே குட்டை. எல்லாமே அந்தக் கோணல் கோடு. ஒட்டினதை வெட்டி, திறந்து, மறுபடி ஒட்டி, அடுத்த முறை அதையும் வெட்டி. ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு விரல் அளவு குறைந்திருக்கிறது. அப்படியானால் எத்தனை தடவை என்று அவர் விரலை வைத்து அளந்தார். பத்துப் பதினொன்றுக்கு மேல் எண்ணவில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு முக்காலி இருந்தது. அதன் அடியில் காலர் தேய்க்கிற பிரஷ் ஒன்று, பழைய துண்டு ஒன்று. துண்டை உதறினேன். சாம்பல் பச்சையாகப் பொடி பறந்து வெளிச்சத்தில் நின்றது.

எனக்கு இருமல் வந்தது. மாமாவுக்கு வரவில்லை. அவர் அந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஏதோ ஒரு மழை நாளில் அக்கா முதல் பூஞ்சையைப் பார்த்திருக்கிறாள். சொன்னால் மனுஷன் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். எனவே அவர் வேலைக்குப் போன பிறகு, அடைத்த ஜன்னலோடு அந்த அறையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து, தட்டி, துடைத்து, இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி மாட்டியிருக்கிறாள். மூன்று வருஷம். அவர் பார்த்து நிம்மதியாகத் தூங்கிய அந்தச் சுத்தம் அவள் செய்த சுத்தம்தான்.

"அவ ஒண்ணும் இல்லன்னு சொன்னாடா டாக்டர்கிட்ட. நானும் சும்மா இருந்துட்டேன்" என்றார் மாமா. அழுகை வரவில்லை அவருக்கு. வாய் மட்டும் கோணிக்கொண்டு போனது.

எனக்கு இரக்கம் வரவில்லை. உடனே இதையெல்லாம் துவைத்தாக வேண்டும் என்றேன். வேறெங்காவது கொண்டுபோய் வைத்துவிடலாம், முதலாளியிடம் கேட்கிறேன், கிடங்கின் மூலையில் ஒரு கம்பி கொடுத்தால் போதும் என்று கெஞ்சினார். வைத்தால் நாளைக்கே திரும்பக் கொண்டு வருவீர்கள் என்றேன். ஒரு பத்தையாவது விட்டுவிடு என்றார். பிறகு ஐந்து என்றார். பிறகு அந்த வயலின்காரி சட்டையை மட்டும் என்றார்.

"மாமா, ஒண்ணு நீங்க துவைக்கணும், இல்ல நான் கொளுத்தணும். எங்க அக்கா வேணுமா, இந்தக் கந்தல் வேணுமா, இப்பவே சொல்லுங்க."

அவர் எழுந்து கம்பியிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, கடைக்கு வார விடுமுறை. சாவி அவரிடம்தான் இருந்தது. காலை ஏழு மணிக்குப் போய்க் கொதிகலனைப் பற்ற வைத்தோம். ஒவ்வொன்றிலிருந்தும் சீட்டைக் கழற்றி ஒரு தட்டில் போட்டார். கோட்டெல்லாம் ஒரு பக்கம், பருத்தி ஒரு பக்கம், ஜிகினா வைத்தது கைத்துவையலுக்கு என்று பிரித்தார். ஏனோதானோ என்று ஒரே இயந்திரத்தில் திணித்து முடித்துவிடுவார் என்று நினைத்தேன். அப்படி வேலை செய்ய அவருக்குத் தெரியாது. வயலின்காரியின் காலரை மேஜையில் விரித்து, முகர்ந்து, இரண்டு புட்டி மாற்றி மாற்றித் தொட்டு வைத்து, பொறுமையாகக் காத்திருந்து, அந்தப் பழுப்புத் தடத்தை எடுத்தார். ஊதுகுழல்காரரின் கைப்பட்டி மெத்தென்று ஆனது. கறுப்புக் கோட்டின் முதுகை நாலு முறை அலசினார். கறையை அரைகுறையாக விட்டுவைக்க அந்தக் கைக்கு வழக்கமில்லை. சாக்கடைத் துளையில் சோப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனதை மட்டும் அவர் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் ஐம்பத்தெட்டும் தேய்த்து மாட்டியாகிவிட்டது. எது யாருடையது என்று அவருக்கே சிலவற்றில் குழப்பம் வந்தது. தட்டில் கிடந்த சீட்டுகளைக் கையில் எடுத்தவர், எதை எதில் குத்துவது என்று தெரியாமல் திரும்ப வைத்தார்.

வெள்ளிக்கிழமை அக்காவைச் சாதாரணப் படுக்கைக்கு மாற்றினார்கள். மூக்கில் குழாய் இருந்தது. பேச முடிந்தது, நாலு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி. டாக்டரம்மா அவளிடம் எதையும் மறைக்கவில்லை: இதுவரை போன நுரையீரல் போனதுதான், இனிமேல் குழாய் இல்லாமல் இருக்க முடியாது.

மாமா கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னார். "அறையைக் காலி பண்ணிட்டேன்."

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். "எங்க வச்சிருக்கீங்க?"

"துவைச்சிட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும்."

அக்கா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

"மேளக்காரர் கோட்டையுமா?"

"ஆமா."

"மூணு கோடு?"

"போயிடுச்சு."

"அந்த வயலின் பொண்ணு சட்டை?"

மாமா தலையை ஆட்டினார். அக்கா இன்னும் கேட்டாள். ஒவ்வொன்றாக, சீட்டில் எழுதியிருந்ததைவிடத் துல்லியமாக, எந்தக் கறை எந்த இடத்தில் என்று சொல்லிச் சொல்லிக் கேட்டாள். நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டாள். அவருக்குக்கூட மறந்து போனவை அவளுக்கு நினைவிருந்தன. எத்தனை முறை கையில் எடுத்திருக்கிறாள்.

"மேல இருக்கிற பூஞ்சை மட்டும் போகணும், கோடு அழியக் கூடாது. மூச்சைக்கூட மெதுவா விட்டு, மெதுவா விட்டுத் தட்டினேன். யாரைக் கேட்டுத் துவைச்சீங்க?"

"உனக்காகத்தான்—"

"என் மூச்சு போனது போனதுதான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அதுங்களாவது இருந்திருக்கணும்ல. ஒண்ணாவது விட்டு வச்சிருக்கலாம்ல."

அவர் விட்டு வைக்கத்தான் கேட்டார், பத்து கேட்டார், ஐந்து கேட்டார், ஒன்றாவது என்று கெஞ்சினார், விடாமல் துவைக்க வைத்தவன் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமா திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் அழுத்தாமல் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் படுக்கையை, கழுவிக் காயவிட்ட அந்தப் பெரிய அறையில் போட்டோம், காற்று இயந்திரத்தை வைக்க வேறு இடம் இல்லை. அவள் ஏழு மாதம் இருந்தாள். மாமா கொடுத்த மருந்தைச் சாப்பிட்டாள், துடைத்துவிட்டால் துடைக்க விட்டாள், தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டும், வேண்டாம் என்றாள். அதற்கு மேல் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என்னோடு மட்டும் கடைசி வரைக்கும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.